ஏழாம் விளக்கில் நடந்தது

இரண்டு தடவை தபாலில் போட்ட பத்திரம் இரண்டு தடவையும் திரும்பி வரவில்லை. உறையூரில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டைப் பிரித்து எழுதுவதற்குப் பெரியப்பா மகன் வரதன் அண்ணனின் கையெழுத்து வேண்டியிருந்தது. அண்ணன் கொழும்பில் இருந்தார். எனக்குக் கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. விடைத்தாள் திருத்தும் வேலையும் முடிந்திருந்தது. "சண்டை நடக்கிற ஊருக்கா போறே?" என்று என் கணவர் கேட்டார். கேட்டுவிட்டு அவரே பரண்மேல் ஏறிப் பெட்டியை இறக்கித் தந்தார்.

வெள்ளிக்கிழமை பகலில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினேன். அண்ணன் அனுப்பிய வேன் நகரத்துக்குள் போய்ச் சேர்வதற்குள் நான்கு இடத்தில் நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு தடவையும் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, சிரிக்காமலும் முறைக்காமலும் ஒரு முகத்தை வைத்துக்கொண்டார். சோதனை முடிந்து வண்டி நகர்ந்ததும் அந்த முகம் போய்ப் பழைய முகம் வந்துவிடும். அடுத்த நாள்களில் பஸ்ஸில், கடையில், தெருவில் எத்தனையோ பேரிடம் அதே முகத்தைப் பார்த்தேன்.

அண்ணன் குடியிருந்த வெள்ளவத்தை எனக்கு வெளிநாடாகவே தெரியவில்லை. தெற்கே காலி என்கிற ஊர்வரை போகும் காலி வீதியில் புடவைக் கடையும் நகைக் கடையும் சைவச் சாப்பாட்டுக் கடையும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஆனால் குறுக்கே போகிற எந்தச் சந்தில் திரும்பிப் பார்த்தாலும் முடிவில் ஒரு துண்டு கடல் இருந்தது. கடலுக்கு முன்னால் தண்டவாளம். அண்ணனின் வீடு அப்படிப்பட்ட ஒரு சந்தில் மூன்றாம் மாடி. ரயில் போகும்போது அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. முதல் நாள் நான் ஒவ்வொரு ரயிலுக்கும் திரும்பிப் பார்த்தேன். கமலா அண்ணி ஒன்றுக்கும் திரும்பவில்லை.

அண்ணனுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. கொழும்பிலேயே பிறந்தவர். கொச்சிக்கடையில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் கிளார்க். சட்டைப் பையில் எப்போதும் நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று என்று இரண்டு பேனா. என் கல்யாணத்தில் பார்த்த பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். நோட்டரி திங்கட்கிழமைதான் வருவார், அதுவரை இருந்து ஊரைப் பார் என்றார். பிறகு, 'ஏழாம் விளக்கு' பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றேன். அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி சமையலறைக்குள் போய்விட்டார்.

இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டு முடிப்பதற்குள் எனக்கு முழுக் கதையும் வந்துவிட்டது. அது ஒரு ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர். விண்வெளியில் இருட்டான ஒரு நீண்ட வெளி. அதைக் கடந்து போகிற கப்பல்களுக்கு வழிகாட்ட, கடலில் கலங்கரை விளக்கம் இருப்பதுபோல ஏழு விளக்கு நிலையங்கள். அவற்றைக் காப்பவர் கேப்டன் மெர்ரிக். விளக்குகளைக் கைப்பற்ற வருகிறவர்கள் சாம்பலர் என்கிற கூட்டம். கடைசிக் கதையில் சாம்பலர் ஏழாம் நிலையத்தைச் சுற்றி வளைக்கிறார்கள். மெர்ரிக் கதவைத் திறக்க மறுத்து, நிலையத்தை வெடிக்கவைத்துத் தானும் சேர்ந்து அழிகிறார். இது பழைய தொடர். இங்கே அரசுத் தொலைக்காட்சியில் சிங்கள எழுத்தோடு வந்தது.

பிறகு, பல வருடம் கழித்து, அதே கம்பெனி புதிய தொடர் எடுத்தது. அதில் ஏழாம் நிலையம் வெடிக்கவில்லை. மெர்ரிக் கதவைத் திறந்து, விளக்கை எதிரியிடம் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்த மக்களை எல்லாம் வெளியே கூட்டிவருகிறார். மீதி வாழ்நாள் முழுக்கக் கோழை என்று பெயர் வாங்குகிறார். இதுதான் உண்மையில் நடந்தது, பழையதை இனிமேல் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கம்பெனியே அறிவித்துவிட்டது. இதைச் சொல்லும்போது அண்ணன் கையில் எடுத்த இடியப்பத்தைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார்.

சாயங்காலம் என்னைப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துப்போய், வீட்டில் தங்கியிருப்பவர்கள் பட்டியலில் என் பெயரை எழுதிக்கொடுத்தார். திருச்சியில் என் வீட்டுக்கு யார் வந்து தங்கினாலும் அடுத்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும்.

சனிக்கிழமை நான் தனியாகப் புறப்பட்டேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லி எங்கள் தெரு மேரி டீச்சர் கேட்டிருந்தார். கோட்டை என்கிற நகர மையத்துக்குப் போய் அங்கிருந்து வேறு பஸ் என்று அண்ணன் சொல்லியிருந்தார். நான் நடத்துநரிடம் "கோட்டையா?" என்றேன். அவர் தலையாட்டினார், ஏறிவிட்டேன். இங்கே தலையாட்டுவதில் எது ஆம், எது இல்லை என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முன்னே போ, முன்னே போ என்று சிங்களத்தில் அவர் கத்தியதற்கு நான் முன்னே போய்க்கொண்டே இருந்தேன். அரை மணி நேரம் கழித்து ஜன்னலில் விமானங்கள் நிற்கிற மைதானம் தெரிந்தது. இரத்மலானை. எதிர்த்திசையில் வந்திருந்தேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு நடத்துநரிடம் ஏதோ சொன்னார். அவர் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, என்னைக் கைபிடிக்காத குறையாக வீதியைக் கடக்கவைத்து எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதுவரை பஸ் காத்திருந்தது. உள்ளே ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

"கடல் இடது கைப்பக்கம் இருந்தா கோட்டைக்குப் போறோம். வலது பக்கம் இருந்தா காலிக்கு. அவ்வளவுதான்" என்றார் அண்ணன், நான் வீட்டுக்குத் திரும்பியதும். மெழுகுவர்த்தியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினோம். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் வீடியோக் கசெட் எடுக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போவார். அங்கிருந்து கோயில் கிட்டத்தான்.

அன்று மாலை தர்ஷினி வந்தாள். இருபத்து நான்கு வயதிருக்கும். யாழ்ப்பாணத்துப் பெண். இரண்டு சந்து தள்ளி ஒரு லொட்ஜில் தங்கி, கனடாவில் இருக்கும் தமையனிடம் போவதற்கான விசா நேர்முகத்துக்காக இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள். பழைய தொடர் இங்கே ஓடியபோது அவள் சின்னப் பிள்ளை. பிறகு அது மறுபடி ஒளிபரப்பானபோது அவள் ஊரில் மின்சாரமே இல்லை. லொட்ஜின் கூடத்தில் இருந்த டிவியில்தான் முதன்முதலாகப் பார்த்தாள். பார்த்தது புதிய தொடரை. கொட்டாஞ்சேனையில், எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் நானா என்று கூப்பிடுகிற நஸீரின் வீடியோக் கடைக்குக் கசெட் எடுக்கப் போன இடத்தில் அண்ணனோடு சண்டை. அன்றிலிருந்து பழக்கம்.

அவள் பையிலிருந்து ஒரு பெரிய கொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். நாம் நோட்டு என்பதை இங்கே கொப்பி என்கிறார்கள். அது அண்ணனுடையது, பழைய தொடரைப் பற்றிப் பல வருடமாக எழுதிவந்தது. ஏழு நிலையங்களின் வரைபடம், எந்தக் கதவு எங்கே, எந்தக் கப்பல் எந்தத் திசையில் வந்து தாக்கியது, தளபதி யார், எத்தனை பீரங்கி என்று எல்லாம் அளவோடு இருந்தன. என் மாணவிகளின் ஆய்வக நோட்டு ஒன்றுகூட இத்தனை சுத்தமாக இருந்ததில்லை. ஏழாம் பக்கத்தில் நிலையத்தின் படத்துக்குக் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. கீழே, 'முற்றாக அழிக்கப்பட்டது. தளபதியும் உடன்.' அதற்கும் கீழே பென்சிலில் வேறு ஒரு கை எழுதியிருந்தது: 'இல்லை. கதவு திறக்கப்பட்டது. எல்லோரும் வெளியேறினர்.'

என் கொப்பியிலேயே எழுதினாயா என்று அண்ணன் கேட்டார். பென்சிலால்தானே எழுதினேன், வேண்டாமென்றால் அழித்துவிடுங்கள் என்றாள். அண்ணன் ரப்பரை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டே பேசினார். மெர்ரிக் கதவைத் திறக்கிற ஆள் இல்லை, அத்தனை கதையிலும் திறக்காதவர் கடைசிக் கதையில் மட்டும் ஏன் திறக்க வேண்டும், கம்பெனிக்காரன் சொன்னால் நடந்தது நடக்காததாகிவிடுமா என்றார்.

தர்ஷினி குரலை உயர்த்தவில்லை. "அந்தாள் வெடிச்சுச் செத்தா வீரன் அங்கிள். உள்ளுக்க இருந்த சனத்தை ஆர் கேட்டது?"

அண்ணன் சட்டென்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே கேட்டால் நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைப்பார்கள் என்றார். பிறகு உட்கார்ந்து அதே சண்டையைத் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். ரப்பரைக் கடைசிவரை பயன்படுத்தவில்லை. அவளுக்கு இன்னும் சில பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. கொப்பியை அவளிடமே திரும்பக் கொடுத்தார். ஞாயிறு கொண்டுவருவதாகச் சொல்லிப் போனாள்.

இந்த வயதில் இதற்கு இத்தனை கோபமா என்று சமையலறையில் அண்ணியிடம் கேட்டேன். அண்ணி அரிசி களைந்துகொண்டே சொன்னார். எண்பத்து மூன்று கலவரத்தின்போது அண்ணனையும் அண்ணியையும் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் பின்னறையில் வைத்துப் பூட்டியிருக்கிறது. ஆறு நாள். கதவுக்கு அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருக்கும், வீட்டில் வழக்கம்போல இருக்கிறார்கள் என்று காட்டுவதற்காக. அண்ணன் தரையில் காதை வைத்து, அதில் ஓடிய இந்தத் தொடரையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். அதில் ஒரு நாள் வெளியே ஆட்கள் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். "அந்த வீட்டு மனுசன் திறக்கல. இங்க யாரும் இல்லன்னு உள்ளுக்க இருந்தே சொல்லிட்டார்" என்றார் அண்ணி. களைந்த அரிசியை உலையில் போட்டார். 

ஞாயிறு காலை பத்து மணிக்கு நாங்கள் மூவரும் ஒரு ஓட்டோவில் புறப்பட்டோம். நான் நடுவில், இரண்டு பக்கமும் அவர்கள். என் தலைக்குமேலாகவே விவாதம் நடந்தது. சாம்பலரிடம் கொடுத்த விளக்கு பிறகு எரிந்ததா இல்லையா என்பது அன்றைய கேள்வி. கோட்டையைத் தாண்டியதும் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். என் பாஸ்போர்ட்டைப் பார்த்து உடனே திருப்பித் தந்தார்கள். அண்ணனின் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்துத் தந்தார்கள். தர்ஷினியின் அட்டையைத் தரவில்லை. அதில் யாழ்ப்பாண முகவரி. ஒரு பெண் பொலிஸ் அவளுடைய பையைத் திறந்து, கொப்பியை எடுத்து, முதல் பக்கத்தைப் பார்த்தாள். அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். பிறகு பக்கங்களைப் புரட்டாமல் கொப்பியை மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதிகாரியை நோக்கி நடந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வரைபடம். கதவுகள். தாக்கிய திசை. தளபதிகளின் பெயர். எல்லாம் தமிழில், அழகான கையெழுத்தில்.

எங்களைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் நல்ல சிங்களத்தில், இது டிவிக் கதை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொறுப்பதிகாரி கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். அவர் கொப்பியைக் கடைசிப் பக்கம்வரை பார்த்தார். ஏழாம் பக்கத்தில் நிறுத்தினார். சிவப்பு மை, பென்சில், இரண்டு கையெழுத்து. தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பிறகு எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்தார். கதை என்றால் மூவருக்கும் ஒரே கதைதானே தெரிந்திருக்க வேண்டும் என்றாராம். இதை அண்ணன் பிறகு சொன்னார்.

முதலில் தர்ஷினி உள்ளே போனாள். நான் நடையில் ஒரு பெஞ்சில் இருந்தேன். அவள் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. வேறு ஓர் அறைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அண்ணன். அவர் வந்தபோது என்னைப் பார்க்கவில்லை. கடைசியாக நான்.

அதிகாரி ஆங்கிலத்தில் பேசினார். மேசையில் ஏழாம் பக்கம் திறந்திருந்தது. "உங்கள் அண்ணன் சொல்கிறார், இந்த இடம் அழியவில்லை, கதவைத் திறந்து எல்லோரும் வெளியேறினார்கள் என்று. அந்தப் பெண் சொல்கிறாள், வெடித்துச் சிதறியது, தளபதி உள்ளேயே செத்தார் என்று. சொல்லும்போது அழுகிறாள். டிவிக் கதைக்கு யாராவது அழுவார்களா? இரண்டு பேரில் யார் பொய் சொல்வது?"

நான் முதலில் அவர் மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். அண்ணன் எப்படி அப்படிச் சொல்வார்? தர்ஷினி எப்படி இப்படிச் சொல்வாள்? பிறகு விளங்கியது.  அண்ணன் தன்னுடைய கதையைத்தான் சொல்வார் என்று நினைத்து அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். அவள் அவளுடையதைத்தான் சொல்வாள் என்று நினைத்து அண்ணன் அதைச் சொல்லியிருக்கிறார். ஒருவரையொருவர் காப்பாற்றப்போய் இருவரும் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தண்ணீர் வேண்டும் என்றேன். கொடுத்தார்கள். என் ஆங்கிலம் வகுப்பறை ஆங்கிலம், மெதுவாகத்தான் வரும். நான் இருபது வருடமாக விடைத்தாள் திருத்துகிறேன் என்று ஆரம்பித்தேன். முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு எழுதுகிறவர்களின் விடை ஒரே மாதிரி இருக்கும், பிழைகூட ஒரே மாதிரி இருக்கும் என்றேன். இவர்கள் ஏதாவது திட்டம் வைத்திருந்தால் உங்களிடம் ஒரே பதிலைச் சொல்லியிருப்பார்கள். பிறகு இரண்டு நாளாக என் தலைக்குமேல் நடந்த சண்டை முழுவதையும் சொன்னேன். ஏழு விளக்கு, சாம்பலர், பழைய தொடர், புதிய தொடர், கம்பெனி செய்த அறிவிப்பு எல்லாம். எதைக் கேட்கச் சலித்துக்கொண்டேனோ அதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

"சிவப்பு மை என் அண்ணனுடையது. அழிந்தது என்று எழுதியவர் அவர். பென்சில் அந்தப் பெண்ணுடையது. திறந்தது என்று எழுதியவள் அவள். உங்களிடம் இருவரும் மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். எழுதவைத்துப் பாருங்கள்."

அவர் ஏன் என்று கேட்டார். மற்றவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.  பிறகு இருவரையும் தனித்தனியாக இரண்டு வரி எழுதச் சொன்னார். எழுத்து ஒத்துவந்தது. கொட்டாஞ்சேனைக் கடைக்குத் தொலைபேசியில் சொல்ல, நஸீர் நானா கடையைப் பூட்டிவிட்டுப் பழைய கசெட் ஒன்றும் புதிய கசெட் ஒன்றுமாக மூச்சிரைக்க வந்தார். அட்டையில் ஏழு விளக்கின் படம் இருந்தது. இரண்டில் எது சரி என்று அதிகாரி அவரிடமும் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதால்தான் கடை நடக்கிறது சேர் என்றாராம் நானா.

அண்ணனையும் என்னையும் இரண்டு மணிக்கு விட்டுவிட்டார்கள். தர்ஷினியை விடவில்லை. அவள் லொட்ஜில் தங்கியிருப்பது பதிவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முதலாளி புத்தகத்தோடு வர வேண்டும். நாங்கள் எதிரே ஒரு பேக்கரிக்கு வெளியே காத்திருந்தோம். நானா அண்ணனுக்கு மீன் வைத்த பன் வாங்கிவந்தார்; இங்கே அதைப் பணிஸ் என்கிறார்கள். நான் சைவம் என்றதும் மறுபடி போய் வாழைப்பழமும் பிளேன்டீயும் கொண்டுவந்தார். அண்ணன் பணிஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அஞ்சு மணி இருக்கும், அவள் வெளியே வந்தாள். அதிகாரி வாசல்வரை வந்து, இனிமேல் வீட்டுக்குள் இருந்து சண்டை போடுங்கள் என்று அண்ணனிடம் சொன்னார். சிரித்துச் சொன்னாரா கண்டித்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கொப்பியைத் தரவில்லை. அண்ணன் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை நோட்டரியின் அலுவலகத்துக்குப் போனோம். அண்ணன் நான் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியில் அந்தோனியார் கோயிலுக்குப் போய் மேரி டீச்சருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். வீட்டுக்கு வந்தால், வாசலில் தர்ஷினியின் பெட்டி. பொலிஸ் விசாரித்த ஆளை வைத்திருக்க முடியாது என்று லொட்ஜ் முதலாளி சொல்லிவிட்டாராம். வேறு லொட்ஜ் தேடி நாலு இடத்தில் அலைந்துவிட்டு, பெட்டியை ஒரு நாள் மட்டும் இங்கே வைக்கலாமா என்று கேட்க வந்திருக்கிறாள். கமலா அண்ணி பெட்டியை உள்ளறைக்கு இழுத்துப்போய், நான் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்துவிட்டார். அண்ணன் சட்டையைக்கூட மாற்றாமல் பொலிஸ் நிலையத்துக்குப் போய் அவள் பெயரைத் தன் வீட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டு வந்தார்.

மாலையில் நாங்கள் பல்கனியில் இருந்தோம். கீழே தண்டவாளத்தைத் தாண்டி அலை அடித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் மெர்ரிக்கின் பேச்சை எடுக்கவில்லை. கடைசியில் தர்ஷினிதான் மன்னிப்புக் கேட்டாள். "வெடிச்சதெண்டு சொல்லிப்போட்டு வருவம் எண்டுதான் போனனான் அங்கிள். சொல்லேக்க அழுகை வந்திட்டுது. எங்கட பள்ளிக்கூடத்தில குண்டு விழேக்க நான் வெளியால தண்ணிக்கு லைன்ல நிண்டனான். மற்றவை உள்ளுக்க."

 பிறகு அண்ணன், தான் அங்கே சொன்னதைப் பற்றிச் சொன்னார். அதிகாரியிடம் மெர்ரிக் கதவைத் திறந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தபோது வாய் கூசியது. ஒவ்வொருவராக வெளியே வந்ததைச் சொல்லச் சொல்ல, நிறுத்த முடியவில்லை. தொடரில் இல்லாத ஆள்களையும் சேர்த்து வெளியே கொண்டுவந்துவிட்டேன் என்றார். பொலிஸில் பொய் சொன்னதற்கு வெட்கப்படுகிறவர்போலத்தான் அதைச் சொன்னார். "ஒரு கிழவியையும் ஒரு நாயையும்கூட வெளியில விட்டேன் பிள்ள."

தர்ஷினி நாயா என்று கேட்டாள். ஓம், நாய்தான் என்றார் அண்ணன். அவள் சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் ஊருக்குத் திரும்பினேன். வேன் நான்கு இடத்தில் நின்றது. நானும் அந்த முகத்தை வைத்துக்கொள்ளக் கற்றிருந்தேன். உறையூர் வீட்டைப் பிரித்து எழுதி முடித்தோம். தர்ஷினிக்கு ஏழு மாதம் கழித்து நேர்முகம் வந்து, அவள் போய்விட்டாள். அதுவரை அண்ணன் வீட்டில்தான் இருந்தாள் என்று அண்ணி எழுதியிருந்தார். யுத்தம் முடியவில்லை. அண்ணன் அதே வீட்டில், அதே கிடங்கில்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் அண்ணன் போன் செய்தார். நல்லது கெட்டதற்குத்தான் அவர் போன் செய்வார்.  யாருக்கு என்ன என்று கேட்டேன். யாருக்கும் ஒன்றுமில்லை, 'ஏழாம் விளக்கு' சினிமாவாக வந்திருக்கிறது என்றார். கொழும்புக்கு இன்னும் வரவில்லையாம். தர்ஷினி கனடாவில் தியேட்டரில் பார்த்துவிட்டு நேரே போன் செய்திருக்கிறாள். கோபத்தில் அவளுக்குப் பேச்சே வரவில்லையாம். அந்தப் படத்தில் ஏழாம் நிலையம் என்று ஒன்றே கிடையாதாம். மொத்தம் ஆறு விளக்குத்தானாம். ஏழாவது, மெர்ரிக் காய்ச்சலில் கிடந்தபோது கண்ட கனவாம். இனிமேல் இதுதான் சரியான கதை, முன்னால் வந்த இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கம்பெனி அறிவித்துவிட்டது.

"எங்க ரெண்டு பேரோட கதையும் நடக்கவே இல்லையாம் புஷ்பா" என்றார் அண்ணன்.

அவர் குரல் எப்படி இருக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரைச்சலில் யாரோ சிங்களத்தில் குறுக்கே பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தர்ஷினி என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"எங்களுக்கு நடந்தது தானே அங்கிள் எண்டு சொன்னா."